ஸ்கூல்ல ஒரு அட்டெண்டன்ஸ், முகாமில் ஒரு அட்டெண்டன்ஸ்: குடியேற்றச் சட்டம் அகதிப் பிள்ளைகளின் படிப்பை எப்படிப் பாதிக்கிறது?

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. ஆனையூர் மதுரை நகரோடு சேர்ந்தே கிடக்கிறது. உச்சப்பட்டி, திருமங்கலம் போகிற வழியில் கப்பலூர் பக்கம். திருவாதவூர், மேலூர் பக்கம்.

இந்த முகாம்களில் வளரும் பிள்ளைக்கு இரண்டு வருகைப் பதிவேடுகள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்தில். ஆசிரியர் பெயர் வாசிப்பார், பிள்ளை ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். இன்னொன்று முகாமில். அங்கே வருவாய்த்துறை அதிகாரி வந்து, குடும்ப வாரியாக ஆள் இருக்கிறார்களா என்று சரிபார்ப்பார்.

முதல் பதிவேட்டில் அந்தப் பிள்ளை மாணவர். இரண்டாவது பதிவேட்டில் அகதி.

அமெரிக்காவில் குடியேற்றத்துறை சோதனைகளுக்குப் பயந்து பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்ற செய்திகளைப் படித்திருப்பீர்கள். ‘நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்லையே’ என்று தோன்றலாம். உண்மைதான், இங்கே பள்ளி வாசலில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஆனால் குடியேற்றச் சட்டத்தின் நிழல் இங்கேயும் வகுப்பறை வரை விழுகிறது. எங்கே, எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முகாம்களில் இருப்பவர்கள் யார்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு படகேறி வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும். போர் நடந்த காலம் முழுக்கப் பல அலைகளாக மக்கள் வந்தார்கள். 1983 முதல் மொத்தம் 3,04,269 பேர் தமிழ்நாட்டுக்கு வந்ததாக 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அரசு சொன்னது. பலர் திரும்பிப் போய்விட்டார்கள். அப்போதைய கணக்கில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் முகாம்களில் இருந்தார்கள். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே வசித்தவர்கள் 34,087 பேர். முகாம்கள் 29 மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன.

இவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். அதாவது பிரிட்டிஷ் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்காக இங்கிருந்து போனவர்களின் வாரிசுகள். தாத்தா இந்தியாவிலிருந்து போனவர், பேரன் இந்தியாவில் அகதி.

2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. பெயரை மாற்ற மாநில அரசால் முடிந்தது. குடியுரிமை தருவது மத்திய அரசின் கையில் இருக்கிறது.

இங்கேயே பிறந்த பிள்ளைக்கு ஏன் குடியுரிமை இல்லை?

நிறைய பேருக்கு வரும் கேள்வி இது. ‘மதுரை ஆஸ்பத்திரியில பிறந்த பிள்ளை, மதுரையில படிக்கிற பிள்ளை. அப்புறம் என்ன?’

1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் காலப்போக்கில் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. பிறந்த தேதியைப் பொறுத்து விதி மாறும்:

• 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன்தான். விதிவிலக்குகள் மிகக் குறைவு.

• 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: தாய், தந்தையில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

• 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: இருவருமே இந்தியர்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது.

கடைசி விதியில்தான் முடிச்சு. உரிய பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவரைச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது. குண்டு விழுகிற ஊரிலிருந்து நள்ளிரவில் படகில் தப்பி வந்தவரிடம் விசா எங்கிருந்து இருக்கும்? 1951-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் ‘அகதி’ என்பது பேச்சு வழக்கில் இருக்கிற சொல். குடியுரிமைச் சட்டத்தில் இவர்களுக்கு இருக்கிற பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’.

இந்தப் பெயர் உள்ளவர் பதிவு செய்தோ, பல வருடம் வாழ்ந்ததைக் காட்டியோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. பிள்ளையின் நிலை இன்னும் விசித்திரமானது. அது எந்த எல்லையையும் தாண்டவில்லை. பிறந்ததே மதுரையில். ஆனால் பெற்றோரின் முத்திரை அதன் குடியுரிமையையும் தடுத்துவிடுகிறது. மதுரைக்காரர் ஒருவரை முகாமில் இருப்பவர் கல்யாணம் செய்து, 2004-க்குப் பிறகு குழந்தை பிறந்தாலும் இதே கதைதான்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தவருக்கு இந்த முத்திரையிலிருந்து விலக்குக் கொடுத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையிலான ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. ‘குடிமக்களுக்கு’ என்று அதில் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டமும் அதே வழியில் ‘ஒவ்வொரு குழந்தை’ பற்றித்தான் பேசுகிறது.

அந்தச் சட்டத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. வயதுச் சான்று இல்லை என்று சொல்லி ஒரு குழந்தைக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதும் காரணமாகக் கூடாது. இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். ஆதார் இல்லை என்று பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் முகாம் பிள்ளைகள் அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிகளில் மற்ற பிள்ளைகளோடு ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். அதே சீருடை, அதே பாடப்புத்தகம், அதே சத்துணவு. இந்த விஷயத்தில் தமிழ்நாடு நல்ல பெயர் வாங்கிய மாநிலம். ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை.

1991-ல் என்ன நடந்தது?

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு அகதிகள் மீதான பார்வை ஒரே நாளில் மாறியது. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. 1980-களில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் உயர்கல்வியில் அகதி மாணவர்களுக்குக் கிடைத்திருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. 1992 ஜனவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் வேலை செய்யவும் கட்டுப்பாடுகள் வந்தன.

1996-ல் ஆட்சி மாறிய பிறகு கல்விச் சலுகைகள் மெல்லத் திரும்பின. நடுவில் போன ஐந்து வருடம்? 1991-ல் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைக்கு 1996-ல் வயது இருபது. விட்ட படிப்பை அந்த வயதில் மீண்டும் பிடிப்பது சுலபமில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். உரிமை எழுத்தில் இல்லாமல், அரசின் நல்லெண்ணத்தில் மட்டும் நிற்கிற படிப்பு, அரசியல் காற்று மாறினால் நின்றுபோகும்.

ஸ்கூல்ல சேர்த்துக்கிட்டா அப்புறம் என்ன பிரச்சினை?

இரண்டாவது வருகைப் பதிவேடு.

முகாமில் வருவாய்த்துறையினர் குறிப்பிட்ட நாட்களில் வந்து கணக்கெடுப்பார்கள். பதிவில் உள்ளவர்கள் நேரில் இருக்க வேண்டும். மாத உதவித்தொகை இந்தப் பதிவோடு கட்டப்பட்டது. 2021-ல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500. தொகை பெரிதில்லை. ஆனால் பெயர் விடுபட்டால் போவது அந்தத் தொகை மட்டுமில்லை. இந்த நாட்டில் ‘நான் இங்கே பதிவாகி இருக்கிறேன்’ என்று காட்ட இருக்கிற ஒரே பிடியும் நழுவுகிறது. கியூ பிரிவு போலீசின் கண்காணிப்பு தனி. முகாமை விட்டு வெளியூரில் போய்த் தங்க அனுமதி வாங்க வேண்டும்.

இந்தப் பதிவேட்டுக்கு எவ்வளவு கனம் என்பதை 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாம் பார்த்தது. கணக்கெடுப்பு நடந்த நாளில் ஒருவருடைய மகன் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். மகனுக்கு வருகை போட வருவாய் ஆய்வாளர் மறுத்ததாகவும், அதில் வாக்குவாதம் ஏற்பட்டதாகவும் முகாமில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அந்தத் தந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முகாம் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 104 என்ற அரசு உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.)

இப்போது ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். பிளஸ் 2 முடித்துவிட்டார். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மற்ற வீட்டில் கேட்கிற கேள்வி, ‘ஃபீஸ் எவ்ளோ, ஹாஸ்டல் எப்படி?’ இந்த வீட்டில் அதற்கு முன்னால் வேறு கேள்விகள். அங்கே தங்க அனுமதி வேண்டும். கணக்கெடுப்புக்கு வர முடியாவிட்டால் யாரிடம் சொல்வது? பதிவு போனால் என்ன ஆகும்? பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடலாமா?

யாரும் ‘படிக்காதே’ என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே படிக்கலாம் என்கிற வட்டம் சுருங்கிவிடுகிறது.

பிளஸ் 2-க்குப் பிறகு ஏன் கஷ்டம்?

கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு, 14 வயதோடு நின்றுவிடும். அதற்கு மேல் போகப் போக ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ‘குடியுரிமை’ என்ற கட்டம் வருகிறது.

முகாம் மாணவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. ஆகவே பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர் ஒதுக்கீடும் அதையொட்டிய உதவித்தொகையும் இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு அகதி என்பதற்கான சான்றிதழைத் தனியாக வாங்கி வைக்க வேண்டும். மருத்துவம் என்றால் இந்தியக் குடிமகனுக்கான வரிசையில் நிற்க முடியாது. பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்குப் போகவோ வழியில்லை. அரசு வேலை எட்டாது.

இவ்வளவையும் தாண்டிப் பட்டம் வாங்கியவர்கள் கடைசியில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போன கதைகள் முகாம்களில் சாதாரணம். பெயின்டிங் வேலை கேவலம் இல்லை. ஆனால் அண்ணன் பி.இ. முடித்துவிட்டுப் பிரஷ்ஷோடு கிளம்புவதைத் தினமும் காலையில் பார்க்கிற பத்தாம் வகுப்புத் தம்பி, ‘நான் எதுக்குப் படிக்கணும்?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பள்ளியில் சேர்வதும், தொடர்ந்து வருவதும், படித்தால் முன்னேறலாம் என்ற நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கையைப் பள்ளியால் மட்டும் கொடுத்துவிட முடியாது.

2021-ல் மாநில அரசு 317.40 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தபோது 7,469 வீடுகளோடு கல்வி உதவித்தொகை உயர்வும் அதில் இருந்தது. பொறியியல் படிக்கத் தேர்வாகும் முகாம் மாணவர்களில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. நல்ல உதவி. கட்டணச் சுமை குறையும். பட்டம் வாங்கிய பிறகு வருகிற தடைகள் அப்படியே இருக்கின்றன.

மற்ற இடங்களில் என்ன நடக்கிறது?

டெல்லி: 2024 டிசம்பரில் டெல்லி கல்வித்துறை, சட்டவிரோதமாக வந்த வங்கதேசத்தவரின் பிள்ளைகளைச் சேர்த்துவிடாமல் இருக்க ஆவணங்களைக் கறாராகச் சரிபார்க்கும்படி பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இன்னொரு பக்கம், ரோஹிங்கியா பிள்ளைகளின் கல்வி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பிள்ளைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகட்டும், மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

அமெரிக்கா: அங்கே ‘பிளைலர் எதிர் டோ’ என்ற வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம், ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி உண்டு என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் இன்னும் அதேதான். ஆனால் பள்ளி, தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்றத்துறை நடவடிக்கையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த வழிகாட்டுதலை டிரம்ப் அரசு 2025 ஜனவரியில் நீக்கியது. அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்குப் பகுதியில் சோதனைகள் நடந்தன. அங்கே ஐந்து பள்ளி மாவட்டங்களின் கணக்கை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் டீ ஆராய்ந்தார். மாணவர்கள் பள்ளிக்கு வராத நாட்கள் 22 சதவீதம் கூடியிருந்தன. சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் பாதிப்பு அதிகம். 2025 நவம்பரில் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் சோதனை தொடங்கியபோது, ஒரே நாளில் 30,000-க்கும் அதிகமான மாணவர்கள் பள்ளிக்கு வரவில்லை.

அங்கே பள்ளியில் சேரும் உரிமையை யாரும் ரத்து செய்யவில்லை. வீட்டிலிருந்து பள்ளி வரை போகிற தெரு பயமாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கே வகுப்பு காலியாகிவிட்டது.

மதுரையில் நிலைமை வேறு. இங்கே திடீர்ச் சோதனை இல்லை, பதிவேடு இருக்கிறது. அங்கே பாதிப்பு அன்றைய வருகைப் பதிவில் உடனே தெரியும். இங்கே எந்தப் படிப்பைக் கேட்பது, எந்தக் கல்லூரியைக் கேட்காமல் விடுவது என்பதில் மெதுவாகத் தெரியும்.

2025 புதுச் சட்டத்தால் ஏதாவது மாறியதா?

கொஞ்சம் மாறியிருக்கிறது. 1946 வெளிநாட்டவர் சட்டம் உள்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதோடு வந்த விலக்கு உத்தரவின்படி, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் அடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது. ‘என்னைக்காவது கேஸ் போட்டுருவாங்களோ’ என்ற பயம் இதனால் குறையும்.

ஆனால் இது குடியுரிமை இல்லை. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள முத்திரையை இந்த உத்தரவு தானாக அழித்துவிடாது. 2022-ல் பொருளாதார நெருக்கடியின்போது வந்தவர்களுக்கு இந்த விலக்கும் கிடையாது, அவர்கள் வந்த தேதி பிந்தையது. இன்னொன்று: வெளிநாட்டவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகமும் கல்வி நிறுவனமும் அந்த விவரத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இதே சட்டம் சொல்கிறது.

நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

மதுரைக்கு இதில் தனி இடம் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இரண்டு முக்கியமான தீர்ப்புகளைக் கொடுத்தார். 2019 ஜூனில், முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினர் 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். 2022 ஆகஸ்டில், 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டார். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் என்பதால் அவர் பிறப்பாலேயே இந்தியர். அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்.

அவருக்கு உதவியது பிறந்த தேதி. இன்று முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தேதி கிடையாது. எல்லாரும் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள்.

பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியவை

• எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது. பிறப்புச் சான்று, மாற்றுச் சான்று, ஆதார் எதுவும் தடையாகாது. மறுத்தால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணிலும், குழந்தைகள் உதவி எண் 1098-லும் புகார் சொல்லலாம்.

• குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். குடியுரிமை கிடைக்காவிட்டாலும், எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

• முகாம் கணக்கெடுப்பு நாளில் பிள்ளை மருத்துவமனையிலோ விடுதியிலோ இருந்தால், அதற்கான சான்றை முன்கூட்டியே எழுத்து மூலம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

• பிளஸ் 2 ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அகதி சான்றிதழுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். உதவித்தொகை விவரங்களுக்கு அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையை அணுகலாம்.

• பெற்றோரில் ஒருவர் 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவராக இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் தேதிகளைக் காட்டிக் கேளுங்கள். சில குடும்பங்களுக்கு வழி இருக்கலாம்.

• ஆசிரியர்களுக்கு: ஒரு மாணவர் திடீரென்று வருவதை நிறுத்தினால், முகாமில் ஏதாவது பதிவுப் பிரச்சினையா என்று ஒருமுறை கேளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மதுரையில் ஒரு முகாம் பிள்ளை முதல் வகுப்பில் சேர்வதைச் சட்டம் தடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை கூட்டிக்கொண்டு வந்து, அதற்கு மேல் கேட்கும் காகிதத்தைத்தான் தர மறுக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் 12 வருடம் ‘உள்ளேன்’ சொன்ன பிள்ளைக்கு நாட்டின் பதிவேட்டில் எப்போது இடம் கிடைக்கும் என்பதற்கான பதில் மதுரையில் இல்லை, டெல்லியில் இருக்கிறது.